பனடோலுக்கு இறங்காத காய்ச்சல்



காய்ச்சல் என்றதும் எங்கள் வீடுகளில் கை போவது பனடோலுக்குத்தான். பனடோலுக்கு இறங்காத ஒரு காய்ச்சலும் இருக்கிறது. அதன் வரலாற்றை நாம் கொஞ்சம் அறிந்து வைப்பது நல்லது.

1948 இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ரப்போர்ட், கிறீன், பேஜ் ஆகிய மூவர் இரத்தத்தில் ஒரு பொருளைப் பிரித்தெடுத்து அதற்கு செரோடோனின் என்று பெயர் வைத்தார்கள். ஐந்து வருடங்களில் அது மூளையிலும் இருப்பது தெரிய வந்தது.

இதற்கிடையில் பிரான்ஸில் ஹென்றி லபோரிட் என்ற கடற்படைச் சத்திரசிகிச்சை நிபுணர், 1952 அளவில், குளோர்புரோமசின் என்ற புதிய மருந்தைக் கொடுத்து நோயாளிகளின் உடல் வெப்பத்தைக் குறைத்தார். "செயற்கை உறக்கநிலை" என்று அதைச் சொன்னார்கள். அந்த மருந்து செரோடோனின் உட்பட மூளையின் பல இரசாயனத் தூதுகளைத் தடுக்கிறது என்பது பின்னரே விளங்கியது.

1963 இல் இங்கிலாந்தில் பெல்ட்பேர்க், மையர்ஸ் என்ற இருவர் பூனைகளின் மூளைக்குள் செரோடோனினைச் செலுத்தினார்கள். உடல் வெப்பம் ஏறியது. நோரட்ரினலின் செலுத்தியபோது இறங்கியது. பெல்ட்பேர்க், யூதர் என்பதற்காக 1933 இல் ஜெர்மனியில் வேலையிலிருந்து நீக்கப்பட்டவர். அவர்களுடைய விளக்கம் அழகாக இருந்தது. ஆனால் முயல்களில் செய்து பார்த்தபோது முடிவு வேறு மாதிரி வந்தது. ஒரு பிராணியில் கண்டதை அப்படியே எல்லாவற்றுக்கும் பொருத்த முடியாது என்ற பாடம் அங்கே கிடைத்தது.

1984 மார்ச் மாதம். நியூயோர்க் நகரில் லிபி சையன் என்ற 18 வயது மாணவி காய்ச்சலுடன் ஆஸ்பத்திரிக்குப் போனாள். மனச்சோர்வுக்கு பினெல்சின் என்ற மருந்தை எடுத்துக்கொண்டிருந்தாள். அங்கே பெத்திடின் ஊசி போட்டார்கள். இரண்டும் சேரக் கூடாதவை. காய்ச்சல் 107 பாகை பரனைட் வரை ஏறியது. விடிந்ததும் பிள்ளை மௌத்தாகிவிட்டாள். காரணம் பற்றி நீண்ட காலம் வாதம் நடந்தது. மருந்துகள் சேர்ந்ததால் செரோடோனின் அளவு மீறிப்போனதே காரணம் என்று இன்று பலர் கருதுகிறார்கள். தகப்பன் விடவில்லை. அவருடைய போராட்டத்தின் பலனாக, 1989 இல் நியூயோர்க் மாநிலம் பயிற்சி டொக்டர்களின் வேலையை வாரத்துக்கு 80 மணித்தியாலமாக மட்டுப்படுத்தியது.

இந்தக் காய்ச்சலில் சூடு பெரும்பாலும் இறுகி நடுங்கும் தசைகளிலிருந்து வருகிறது. அதனால்தான் பனடோல் பயன் தருவதில்லை. காரணமான மருந்தை நிறுத்தி, தசைகளைத் தளர்த்தி, உடம்பைக் குளிர வைக்க வேண்டும். சில வேளை செரோடோனினைத் தடுக்கும் சைப்ரோஹெப்டடினும் கொடுப்பார்கள். பிள்ளைகளுக்குப் பசி எடுக்கவென்று சிலர் வாங்கும் அதே மருந்துதான். எலிகளில் இந்த வகைத் தடுப்பு மருந்துகள் வெப்பத்தைத் தடுத்து உயிரைக் காத்தன. மனிதரில் ஆதாரம் இன்னும் குறைவு. ஆகவே இது வீட்டில் நாமாகச் செய்யும் வைத்தியமல்ல.

எம்மிடையே மனச்சோர்வுக்கு மருந்து எடுப்பவர்கள் அதை மறைக்கிறார்கள். ஊர் என்ன சொல்லும் என்ற பயம். வலிக்கு டிரமடோல், இருமலுக்கு ஒரு பாணி என்று பாமசியில் வாங்கும்போதும் வாய் திறப்பதில்லை. அவையும் சேரக் கூடாதவையாக இருக்கலாம். அதே நேரம், பயந்துபோய் மருந்தை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

டொக்டரிடம் போகும்போது கிளினிக் கொப்பியையும் எடுக்கும் எல்லா மருந்துகளையும் கொண்டு போங்கள். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. வீட்டில் மூத்தவர்களுக்கும் இதை வாசித்துக் காட்டுங்கள்.