விலாயத்தி கீக்கர்: தில்லிக் கணப்பு விறகும் அதன் பெயரும்

தில்லியின் மார்கழி, தைக் குளிரில் எளிய மக்கள் கணப்பு மூட்டும் சட்டி 'அங்கீட்டி' எனப்படும். நெடுநல்வாடை சுட்டும் அகன்ற வாயுடைய 'தடவு' இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. இச்சட்டியில் எரியும் விறகுகளுள் ஒன்று தமிழர் நன்கறிந்த மரமாகும்.

தலைநகர் மாற்றம் 1911இல் அறிவிக்கப்பெற்றது. ஆரவல்லித் தொடரின் வடகோடியாகிய 'ரிட்ஜ்' மேட்டுநிலத்தின் பகுதிகள் அதன்பின் காப்புக்காடாக்கப்பட்டன. அதன் வறண்ட பாறை நிலத்தைப் பசுமையாக்க ஆங்கில அரசு நட்ட அயல்மரங்களுள் விலாயத்தி கீக்கர் பிறவற்றை விஞ்சித் தழைத்தது. தமிழகத்தில் இதுவே சீமைக்கருவேல். 'கீக்கர்' என்பது கருவேல். 'விலாயத்தி' என்பது சீமைக்குரியது. ஒன்று மற்றொன்றன் மொழிபெயர்ப்போ என ஐயுறுமளவு இரு பெயர்களும் ஒத்துள்ளன. மரமோ சீமையில் தோன்றியதன்று, அமெரிக்கக் கண்டத்துக்குரியது. கொணர்ந்த ஆட்சியின் பெயரே மரத்துக்கு நிலைத்தது எனல் பொருந்தும்.

வெட்டிய அடிக்கட்டை மீண்டும் துளிர்ப்பது இதன் இயல்பு. முள் கழித்த கிளைகள் கைக்கோடரிக்கே அடங்கும். பருத்த அடிமரத்தை மட்டும் பிளந்து, காற்றுப் புகுமாறு இடைவிட்டு அடுக்கி உலர்த்தல் வேண்டும். ஆயினும் காப்புக்காட்டில் இசைவின்றி வெட்டுதல் 1927ஆம் ஆண்டு வனச்சட்டப்படி குற்றம். அரசு நட்ட மரமே தலைச்சுமையாய் விறகு கொணர்ந்த பெண்டிரைக் குற்றவாளிகளாக்கியது.

இன்று அம்மரத்தை அகற்றி நாட்டுமரங்களை வளர்க்கும் முயற்சி நடைபெறுகிறது. காற்று மாசினைக் கருதித் திறந்தவெளியில் விறகெரித்தலும் தடுக்கப்படுகிறது. இரவுக் காவலர்க்கு மின்கணப்பு வழங்குமாறு குடியிருப்போர் நலச்சங்கங்கள் பணிக்கப்பெறுகின்றன. நடைபாதையில் உறங்குவோர்க்கு அத்தகைய சங்கம் இல்லை.