டூப்ளேயின் முத்திரையும் டிஜிட்டல் கையெழுத்தும்



போன மாதம் அப்பாவுடன், வரிக் கணக்கு தாக்கல் செய்து தரும் ஒரு கடைக்குப் போயிருந்தேன். ஏதோ எடுப்பதற்காக மேசை டிராயரைத் திறந்தார்கள். உள்ளே பென் டிரைவ் மாதிரி முப்பது, நாற்பது டோக்கன்கள் கிடந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு வியாபாரியின் பெயர். சிலவற்றில் பாஸ்வேர்டையும் சீட்டில் எழுதி ஒட்டியிருந்தார்கள். அவையெல்லாம் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன்கள். அதாவது, நாற்பது பேருடைய கையெழுத்து ஒரே டிராயரில்!

எனக்கு உடனே ராபர்ட் கிளைவ் நினைவுக்கு வந்தார். ஏன் என்று சொல்கிறேன். அதற்கு முன்னால் நம் புதுச்சேரிக் கதை ஒன்று.

சத்ராஸில் ஒரு சந்தேகம்

நம் கடற்கரைச் சாலையில் சிலையாக நிற்கிறாரே டூப்ளே, அவர் 1742 முதல் 1754 வரை இங்கே கவர்னர். ஆனந்தரங்கப் பிள்ளை அவரிடம் தலைமை துபாஷியாக இருந்தவர். 1736-ல் தொடங்கி 1761 வரை நீளும் பிள்ளையின் நாட்குறிப்பைப் புரட்டினால், அந்தக் கால அரசியல் எவ்வளவு தூரம் கடிதங்களால் நடந்தது என்பது புரியும்.

கர்நாடகத்துக்கு யார் நவாப் என்பதில் பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயரும் வருடக்கணக்கில் சண்டை போட்டார்கள். கடைசியில் 1754 ஜனவரியில் சமாதானம் பேச உட்கார்ந்தார்கள். இடம், டச்சுக்காரர்கள் வசம் இருந்த சதுரங்கப்பட்டினம். இன்றைய கல்பாக்கத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. சத்ராஸ் என்றும் சொல்வார்கள்.

கிருஷ்ணா நதிக்குத் தெற்கே உள்ள நாடுகளில் டூப்ளேவுக்கு அதிகாரம் உண்டு என்று காட்ட, பிரெஞ்சுத் தரப்பு சனதுகளை எடுத்து வைத்தது. அவற்றை உறுதி செய்யும் டெல்லி பாதுஷாவின் கடிதம் என்று ஒன்றையும் வைத்தது. ஆங்கிலத் தரப்பில் வந்திருந்த வான்சிட்டார்ட்டும் பால்க்கும் அது போலி என்றார்கள். ஆங்கிலேயர் தங்களுக்கு இருப்பதாகச் சொன்ன சனதுகளைப் பிரெஞ்சுக்காரர்களும் ஏற்கவில்லை. பேச்சுவார்த்தை முறிந்தது. அதே வருடம் ஆகஸ்டில் கொதே என்பவர் பாரிஸிலிருந்து வந்து பொறுப்பை எடுத்துக்கொண்டார். டூப்ளே ஊர் திரும்பினார்.

அந்த ஒரு கடிதத்தால்தான் எல்லாம் போயிற்று என்று நான் சொல்லவில்லை. போரும் பணமும்தான் பெரிய காரணங்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே யாரும் கடிதத்தின் ரகசியம் வெளியே போய்விட்டது என்று சண்டை போடவில்லை. இதை எழுதியது நிஜமாகவே அவர்தானா என்றுதான் சண்டை. மெழுகு முத்திரையை வைத்து அதற்குப் பதில் சொல்ல முடியவில்லை.

சிவப்புக் காகிதம்

இப்போது கிளைவ். 1756-ல் நமக்குப் பக்கத்தில், கடலூர் புனித டேவிட் கோட்டையில் துணை கவர்னராக இருந்தவர். அங்கிருந்து வங்காளம் போனார். 1757-ல் சிராஜ் உத் தௌலாவைக் கவிழ்க்கச் சதி நடந்தது. உமிசந்த் என்ற வியாபாரி, தனக்குப் பங்கு வேண்டும், இல்லாவிட்டால் சதியை வெளியே சொல்லிவிடுவேன் என்று மிரட்டினார். கிளைவ் இரண்டு ஒப்பந்தங்கள் தயாரித்தார். வெள்ளைக் காகிதத்தில் இருந்தது நிஜம். சிவப்புக் காகிதத்தில் இருந்தது உமிசந்தை ஏமாற்ற.

கடற்படைத் தளபதி வாட்சன் சிவப்புக் காகிதத்தில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். ஆனாலும் அதில் அவர் கையெழுத்து இருந்தது! கிளைவ் சொல்லி இன்னொருவர் போட்டது. பின்னாளில் லண்டன் பாராளுமன்ற விசாரணையில் கிளைவ் இதை ஒப்புக்கொண்டார். வாட்சன் அனுமதி கொடுத்ததாகத்தான் தன் நினைவு என்றும் சொன்னார். வாட்சனைக் கேட்க வழியில்லை. அவர் 1757-லேயே இறந்துவிட்டார்.

பூட்டு வேறு, கையெழுத்து வேறு

தகவல் பாதுகாப்பு என்றால் நாம் பூட்டை மட்டும்தான் நினைக்கிறோம். மறையாக்கம் என்பது பூட்டு. மற்றவர் படிக்க முடியாமல் செய்வது அதன் வேலை. கையெழுத்து என்பது வேறு. யார் அனுப்பியது, நடுவில் மாற்றப்பட்டதா என்று சொல்வது அதன் வேலை.

பூட்டில் ஒரு பழைய சிக்கல் உண்டு. புதுச்சேரியிலிருந்து பாரிஸுக்கு ரகசியக் கடிதம் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். அதைத் திறக்கும் சாவி அங்கேயும் இருக்க வேண்டும். அந்தச் சாவியும் கப்பலில்தான் போக வேண்டும். வழியில் கப்பல் பிடிபட்டால் இரண்டும் போச்சு.

இதற்கு 1976-ல் டிஃபியும் ஹெல்மனும் வழி சொன்னார்கள். ஒரே சாவிக்குப் பதில் ஒரு ஜோடிச் சாவி. ஒன்று பொதுச் சாவி, யாருக்கும் கொடுக்கலாம். இன்னொன்று தனிச் சாவி, யாருக்கும் கொடுக்கக் கூடாது. 1977-ல் ரிவெஸ்ட், ஷமீர், அடில்மன் மூவரும் அதைச் செய்து காட்டும் கணக்கைக் கண்டுபிடித்தார்கள். அதுதான் ஆர்.எஸ்.ஏ.

சின்ன எண்களில் போட்டுப் பார்ப்போம். 3, 11 இரண்டும் பகா எண்கள். பெருக்கினால் 33. பொதுச் சாவி 3, தனிச் சாவி 7. வாட்சன் கையெழுத்திட வேண்டிய செய்தி 2 என்று வையுங்கள். தன் தனிச் சாவியால் 2-ஐ ஏழு முறை பெருக்குகிறார், 128. அதை 33-ஆல் வகுத்தால் மீதி 29. இதுதான் கையெழுத்து. நாம் சரிபார்க்க 29-ஐ மூன்று முறை பெருக்கினால் 24,389. 33-ஆல் வகுத்தால் மீதி 2. செய்தி திரும்ப வந்துவிட்டது! நிஜத்தில் 33-க்குப் பதில் அறுநூறு இலக்கங்களுக்கு மேல் உள்ள எண் இருக்கும். அதைப் பகா எண்களாகப் பிரிக்கத் தெரியாதவரை தனிச் சாவியைக் கண்டுபிடிக்க முடியாது.

முழு ஆவணத்துக்கும் இப்படிக் கணக்குப் போடுவதில்லை. ஹாஷ் என்ற முறையில் ஆவணத்தைச் சுருக்கி, ஒரு விரல் ரேகை மாதிரி எடுத்து, அதில்தான் கையெழுத்து. ஒரு காற்புள்ளியை மாற்றினாலும் ரேகை மாறிவிடும். அதனால் வெள்ளைக் காகிதக் கையெழுத்தைச் சிவப்புக் காகிதத்துக்கு மாற்ற முடியாது.

இந்தியாவில் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 அக்டோபர் 17-ல் அமலுக்கு வந்து, டிஜிட்டல் கையெழுத்துக்குச் சட்ட அங்கீகாரம் கொடுத்தது. உயில் போன்ற சில ஆவணங்களுக்கு இன்றும் அந்தச் சட்டம் பொருந்தாது.

அப்படியானால் கவலையே இல்லையா?

இரண்டு கவலைகள் இருக்கின்றன. முதலாவது, இந்தப் பொதுச் சாவி வாட்சனுடையதுதான் என்று யார் சொல்வது? அதற்குத்தான் சான்றளிக்கும் அமைப்புகள். அவையே தவறினால்? 2014 ஜூலையில் நம் நாட்டின் தேசியத் தகவல் மையத்தின் சான்றளிக்கும் பிரிவிலிருந்து, கூகுள் முகவரிகளுக்கு அனுமதியில்லாத சான்றிதழ்கள் வெளியாகியிருந்தது தெரிய வந்தது. உடனே அந்தப் பிரிவின் சான்றிதழ்கள் ரத்து செய்யப்பட்டன. முத்திரை செய்யும் பட்டறையிலேயே போலி முத்திரை வந்த கதை அது.

இரண்டாவது, நான் பார்த்த டிராயர். டிஜிட்டல் கையெழுத்து வாட்சனின் சாவி பயன்பட்டது என்றுதான் நிரூபிக்கும். திருப்பியது வாட்சன் கையா, கிளைவ் கையா என்று அதற்குத் தெரியாது. தனிச் சாவி வாட்சனிடமே இருந்திருந்தால் அந்தச் சிவப்புக் காகிதத்தில் அவர் கையெழுத்து வந்திருக்காது. சாவியைக் கிளைவின் மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்தால், வந்திருக்கும். பழைய போலிக் கையெழுத்தைப் பார்த்து "இது என்னுடையது இல்லை" என்றாவது சொல்லலாம். இதில் கணக்கு மிகச் சரியாகப் பொருந்தும், நம் பேச்சு எடுபடுவது கஷ்டம்.

அப்பாவின் டோக்கனும் அந்த டிராயரில்தான் இருந்தது. அன்றைக்கே கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம். பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டார். உங்கள் வீட்டு டோக்கன் எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே கேட்டுப் பாருங்கள்.