துறைமுகக் கதவும் நம்ம வயல் வரப்பும்



சோளிங்கர் மலையடிவாரத்தில் நெல்லும் வேர்க்கடலையும் பயிர் செய்கிற நமக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். சென்னைத் துறைமுகம் இங்கிருந்து சுமார் 100 கிலோமீட்டர். ஆனாலும் அங்கே எதை உள்ளே விடுகிறார்கள், எதைத் தடுக்கிறார்கள் என்பது நம்ம கொல்லையில் முளைக்கிற களை வரைக்கும் வந்து சேருகிற விஷயம்.

சுங்கம் நமக்குப் புதிது அல்ல. கரிகாலன் காலத்துக் காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடுகிற பட்டினப்பாலையிலேயே சுங்க அதிகாரிகள் வருகிறார்கள். கப்பலிலிருந்து இறங்கிய சரக்கும், உள்நாட்டிலிருந்து கப்பலேறப் போகிற சரக்கும் துறையில் குவிந்து கிடக்கும். அதிகாரிகள் கண்விழித்துக் காத்து, சோழனுடைய புலி முத்திரையைப் பொதிகளில் இட்டு அனுப்புவார்கள். பின்னாளில், 1070இல் பட்டத்துக்கு வந்த முதலாம் குலோத்துங்கன் அந்த வரியை நீக்கி, 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று பேர் வாங்கினான். ஆக, அந்தக் காலத்தில் சுங்கம் என்றால் அரசனுக்கு வருமானம், அவ்வளவுதான். மூட்டையில் ஒட்டிக்கொண்டு வரும் பூச்சியைத் தேடுகிற வேலை பிற்பாடு வந்தது.

அது எப்படி வந்தது என்று பார்ப்போம். 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை நம்ம வட்டாரத்தின் வழியாகப் போடப்பட்டது. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் பதனிட்ட தோல், சென்னைத் துறைமுகம் வழியாகச் சீமைக்குப் போயிற்று. தோல் பதனிட நம்ம கரம்பில் விளைகிற ஆவாரம்பட்டையைத்தான் பயன்படுத்தினார்கள். பிறகு அதோடு தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டையும் கப்பலில் வந்து இறங்கியது. வாட்டில் என்பது நீலகிரியில் சீகை என்று சொல்கிற மரம். அதன் பூர்வீகம் ஆஸ்திரேலியா. வெள்ளைக்காரர்கள் அதை நீலகிரியிலும் நட்டார்கள்.

அந்த மரத்தின் பகையாளியும் பின்னாலேயே வந்து சேர்ந்தது. 1928இல் நீலகிரிச் சீகை மரங்களில் பஞ்சு ஒட்டினாற்போல ஒரு செதில் பூச்சி காணப்பட்டது. அதுவும் ஆஸ்திரேலியப் பூச்சிதான். ஆரஞ்சு, எலுமிச்சை மரங்களையும் விட்டுவைக்காத ஜாதி அது. அதைத் தின்கிற பொறிவண்டை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து விட்ட பிறகுதான் அடங்கியது. இத்தனைக்கும் பயிரை அழிக்கும் பூச்சிகளையும் நோய்களையும் தடுக்க 1914இலேயே சட்டம் போட்டாகிவிட்டது! சட்டம் ஒரு வேலி. ஆனால் வேலியில் ஒரு சந்து இருந்தால் ஆடு நுழையத்தானே செய்யும்?

அடுத்த உதாரணம் உங்கள் வரப்பிலேயே நிற்கிறது. பார்த்தீனியம், அதாவது காங்கிரஸ் செடி. 1950களின் நடுவில் புனே பக்கம் கண்ணில் பட்டது. அமெரிக்காவிலிருந்து வந்த கோதுமையோடு கலந்து வந்தது என்பார்கள். இன்றைக்கு அது இல்லாத ஊர் உண்டா?

2008இல் கோயம்புத்தூர்ப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி தென்பட்டது. மெக்சிகோ நாட்டுப் பூச்சி. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி எல்லாவற்றையும் வெள்ளையாக மூடிவிட்டது. மருந்து அடித்து மாளவில்லை. 2010இல் போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளை பெங்களூர் ஆராய்ச்சி நிலையத்துக்கு முறையாக அனுமதி பெற்று வரவழைத்து, சோதித்து, பெருக்கி விட்டார்கள். பூச்சி கட்டுக்குள் வந்தது. பாருங்கள், பகையாளி சீட்டு வாங்காமல் வந்தான். கூட்டாளி சீட்டு வாங்கி வந்தான்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு பெரியவர் என்னிடம் கோபமாக வந்தார். வளைகுடாவில் வேலை செய்யும் மகன் ஆசையாய்ப் பேரீச்சங்கன்று நாலு கொண்டுவந்தானாம். விமான நிலையத்தில் வாங்கி வைத்துக்கொண்டார்களாம். "சுங்கம் எவ்வளவோ கட்டறோம்னு சொன்னோம் சார், அப்பவும் விடலையே!" என்றார்.

"ஐயா, 2009இல உங்க பப்பாளித் தோட்டம் என்ன ஆச்சு?" என்று கேட்டேன்.

"வெட்டிப் போட்டு நெருப்பு வச்சேன்."

"அந்தப் பூச்சி மெக்சிகோவிலேர்ந்து நடந்தா வந்திருக்கும்?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "மகன் கன்றுதான் கொண்டாந்தான், பூச்சியைக் கொண்டாரலையே" என்றார். பிறகு அவரே, "வேருல இருந்தா அவனுக்கு எப்படித் தெரியும்" என்று முடித்துக்கொண்டார்.

அதுதான் சங்கதி. குலோத்துங்கன் தவிர்த்தது பணச் சுங்கம். பூச்சிக்கும் நோய்க்கும் வைத்த காவலைத் தவிர்க்க முடியாது. வரி கட்டிவிட்டால் பூச்சி செத்துவிடாது.

ஆகவே வெளிநாட்டிலிருந்து விதை, கன்று, கிழங்கு வேண்டுமானால், முதலில் இங்கே இறக்குமதி அனுமதி வாங்க வேண்டும். அந்த நாட்டு அரசாங்கத்தின் பயிர்நலச் சான்றிதழும் வேண்டும். வந்து இறங்கியதும் மறைக்காமல் அதிகாரியிடம் காட்ட வேண்டும். தபாலில் வரும் விதைப் பொட்டலத்துக்கும் இதேதான். நம்ம வயலில் பார்த்திராத பூச்சியோ களையோ தென்பட்டால், அந்தச் செடியை ஊர் ஊராய் எடுத்துப் போகாமல் வேளாண்மை அலுவலகத்துக்குச் சேதி சொல்லுங்கள். நாங்களே வந்து பார்க்கிறோம்.

துறைமுகத்தில் ஒரு கதவு. உங்கள் வரப்பு இன்னொரு கதவு. இரண்டிலும் ஆள் விழித்திருந்தால்தான் விளைச்சல் வீடு வந்து சேரும்.