18 கிலோ மார்ஃபின்

குருமாவுக்கு அரைக்கும் கசகசா எந்தச் செடியின் விதையோ, அதே செடியின் காயைக் கீறினால் வடியும் பால்தான் அபின். அதிலிருந்துதான் மார்ஃபின் எடுக்கிறார்கள். மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தில் அரசு உரிமத்தோடு இது விளைகிறது. அரசே வாங்கி, காசிப்பூர், நீமச் ஆலைகளில் பதப்படுத்தி வெளிநாட்டு மருந்துக் கம்பெனிகளுக்கு விற்கிறது. ஆனால் 1997இல் இந்தியா முழுவதும் நோயாளிகளுக்குப் பயன்பட்ட மார்ஃபின் வெறும் 18 கிலோ.

விளைச்சல் குறைந்ததால் வந்த நிலை இல்லை இது.

போதைப்பொருள் குறித்த 1961ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கை இரண்டு விஷயங்களைச் சொன்னது. ஒன்று, போதைப் பழக்கத்தைத் தடுக்க வேண்டும். இன்னொன்று, வலி தீர்க்க இந்த மருந்துகள் இன்றியமையாதவை, அவை கிடைக்க வழி செய்ய வேண்டும். கையெழுத்திட்ட அரசுகளில் பல முதல் பாதியை மட்டுமே கெட்டியாகப் பிடித்துக்கொண்டன. நம் அரசும்தான். 1985இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் மருத்துவப் பயன்பாட்டுக்கு இடம் இருந்தது. ஆனால் விதிகளை எழுதும் பொறுப்பு மாநிலங்களுக்குப் போனது. ஒரு மருத்துவமனை மார்ஃபின் வாங்க நான்கைந்து உரிமங்கள் தேவைப்பட்டன. எல்லாம் ஒரே சமயத்தில் காலாவதியாகாமல் இருக்கவும் வேண்டும். தவறினால் குறைந்தபட்சம் பத்து ஆண்டு சிறை. யார் வாங்கி வைப்பார்கள்? பன்னிரண்டே ஆண்டுகளில் பயன்பாடு 97 சதவீதம் சரிந்தது.

புற்றுநோய் எலும்புவரை பரவிய ஒரு துப்புரவுத் தொழிலாளி அம்மாவை ஒருமுறை வீட்டில் போய்ப் பார்த்தேன். பாராசிட்டமால் எழுதிக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். "வேலை செஞ்ச ஒடம்பு, தாங்கும்" என்று மருத்துவமனையில் சொன்னார்களாம். சட்டம் மருந்தைப் பூட்டி வைத்தது சரி. இந்த வாக்கியத்தை எந்தச் சட்டம் எழுதியது? காசு இருப்பவர் பெருநகரத்துத் தனியார் மருத்துவமனைக்குப் போய்விடுவார். சில ரூபாய்க்குக் கிடைக்கக்கூடிய மாத்திரை இவருக்குத்தான் எட்டவில்லை.

பூட்டைத் திறக்கலாம் என்று கேரளம் காட்டியது. 1993இல் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ் குமார் போன்றவர்கள் தொடங்கிய வலி நிவாரண அமைப்பு, உள்ளூர்த் தன்னார்வலர்களோடு வீடு வீடாகப் போனது. பிறகு மாநில விதிகளும் எளிதாயின. 2007இல் வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. வலி நிவாரணத்தை மறுப்பது கொடூரமான, மனிதத்தன்மையற்ற நடத்தை ஆகலாம் என்று சித்திரவதை குறித்த ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் மான்ஃபிரெட் நோவாக் 2009இல் எழுதினார். கடைசியில் 2014இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. பல உரிமங்களுக்குப் பதில் ஒரே அனுமதி. நாடு முழுவதற்கும் ஒரே விதி.

அதற்கு மூன்று ஆண்டு கழித்து வந்த லான்செட் ஆணையத்தின் கணக்கு, இந்தியாவில் தேவையில் 4 சதவீதமே கிடைக்கிறது என்றது. பழைய பயம் இன்னும் போகவில்லை. உங்கள் மாவட்ட அரசு மருத்துவமனை மார்ஃபினுக்கான அங்கீகாரம் பெற்றிருக்கிறதா, கடந்த ஆண்டு எவ்வளவு வாங்கியது? தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்க பத்து ரூபாய்தான் ஆகும்.