போர்ட் டிரஸ்ட் கிளார்க்கோட ஹெச்-இண்டெக்ஸ் என்ன?

ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் இருக்கிறவங்க பாரிமுனைக்கு வரும்போது ராஜாஜி சாலையில துறைமுக அலுவலகத்தைப் பார்த்திருப்பீங்க. 1912 மார்ச் 1-ம் தேதி, மெட்ராஸ் போர்ட் டிரஸ்ட்டோட கணக்குப் பிரிவில் மாசம் 30 ரூபாய் சம்பளத்துக்கு ஒரு இளைஞர் கிளார்க்கா சேர்ந்தார். பேரு ராமானுஜன். அவர் வாழ்க்கையில ஒரே ஒரு கேள்வியைத்தான் இன்னிக்கு எடுத்துக்கப் போறேன்: இவர் நல்ல ஆராய்ச்சியாளர்னு மெட்ராஸ் எப்படி முடிவு பண்ணுச்சு?

இப்போ ஏன் இந்தக் கேள்வி? பிஹெச்.டி. பண்ற என் நண்பர்கள் யார்கிட்ட பேசினாலும் பேச்சு எண்கள்லதான் வந்து நிக்குது. எத்தனை ஸ்கோபஸ் பேப்பர், எத்தனை சைட்டேஷன், ஹெச்-இண்டெக்ஸ் எவ்வளவு?

இந்த எண்களுக்கும் வரலாறு இருக்கு. 1960-கள்ல யூஜின் கார்ஃபீல்டுங்கிற அமெரிக்கர் சயின்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸைக் கொண்டுவந்தார். எந்தக் கட்டுரையை யார் மேற்கோள் காட்டியிருக்காங்கன்னு தேடுறதுக்கான கருவி அது. ஆளை எடைபோடுற தராசா மாறினது அப்புறம்தான். 2005-ல ஜார்ஜ் ஹிர்ஷ்ங்கிற இயற்பியலாளர் ஹெச்-இண்டெக்ஸை முன்வெச்சார். உங்க கட்டுரைகள்ல 10 கட்டுரை தலா 10 தடவையாவது மேற்கோள் காட்டப்பட்டிருக்கு, 11-க்கு அந்தக் கணக்கு எட்டலைன்னா, உங்க ஹெச் 10.

ஆனா துறைக்குத் துறை வழக்கம் வேற. ஹிர்ஷே அந்தக் கட்டுரையில காட்டுறார்: இயற்பியல்ல உச்சத்துல இருந்த எட்வர்ட் விட்டனுக்கு 110, உயிரியல்ல சாலமன் ஸ்னைடருக்கு 191. அதுக்காக விட்டன் குறைஞ்சவர்னு அர்த்தமில்லை. உயிரியல்ல ஆட்களும் கட்டுரைகளும் மேற்கோள்களும் அதிகம். கணிதத்துல ஒரு கட்டுரை மத்தவங்களுக்குப் புரிஞ்சு பயன்படவே பல வருஷம் ஆகலாம்.

இப்போ ராமானுஜனுக்கு வருவோம். 1913 தொடக்கத்துல அவரோட கட்டுரைகளை விரல்விட்டு எண்ணிடலாம். ஹெச் எப்பவும் கட்டுரை எண்ணிக்கையைத் தாண்டாது. அதனால அந்தத் தராசுல அவர் கிட்டத்தட்ட பூஜ்யம். எஃப்.ஏ. தேர்வுலயும் தேறாதவர். ஆனா போர்ட் டிரஸ்ட்ல நாராயண ஐயர் அவரோட நோட்டுப் புத்தகங்களை உட்கார்ந்து படிச்சார். வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர், இது தன் துறை இல்லைன்னு ஒத்துக்கிட்டே, பல்கலைக்கழகத்துக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதினார். 1913 மே மாசத்துல இருந்து மெட்ராஸ் பல்கலைக்கழகம் மாசம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுத்துச்சு. ஒரு நிபந்தனை: மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஆராய்ச்சி அறிக்கை தரணும்.

அவரும் மூணு அறிக்கை கொடுத்தார். அதுல இருந்த ஒரு சூத்திரம் இன்னிக்கு 'ராமானுஜனின் முதன்மைத் தேற்றம்'னு பாடப் புத்தகங்கள்ல இருக்கு. 1914 மார்ச்சில் இதே துறைமுகத்துல இருந்துதான் கப்பல் ஏறினார். 1916-ல அவர் வெளியிட்ட ஒரு ஊகத்தை டெலின் நிரூபிச்சது 1974-ல. 58 வருஷம்! ஜர்னல் இம்பாக்ட் ஃபேக்டர் கணக்குல பார்க்கிறது ரெண்டே வருஷம்.

அப்போ எண்ணே வேண்டாமா? அப்படிச் சொல்ல மாட்டேன். ராமானுஜன் ஹார்டிக்கு முன்னாடி வேற கேம்பிரிட்ஜ் அறிஞர்களுக்கும் எழுதினார், பலன் இல்லை. மனுஷங்களும் தவறவிடுவாங்க. எண்ணூர்ல இருந்து முதல் தலைமுறையா ஆராய்ச்சிக்கு வர்ற ஒரு பொண்ணுக்கு நாராயண ஐயர் மாதிரி ஒருத்தர் கிடைக்காம போகலாம். சிபாரிசு இல்லாதவங்களுக்கு ஒரு எண் கைகொடுக்கும்.

ஆனா அந்த எண்ணை அதே துறையில, அதே வயசுல இருக்கிறவங்களோடதான் ஒப்பிடணும். அதுக்கப்புறம் ஒருத்தராவது உட்கார்ந்து கட்டுரையைப் படிக்கணும். 1913-ல மெட்ராஸ் அந்த வேலையைச் செஞ்சுது. வாழ்நாள்ல ராமானுஜன் வெளியிட்டது 37 கட்டுரைதான். உலகமே மேற்கோள் காட்டினாலும் அவர் ஹெச் 37-ஐத் தாண்டாது.