பாட்டா ஊரிலிருந்து வந்த பிளேன்

பாட்டா செருப்பு எந்த ஊரிலிருந்து வந்ததோ அந்த ஊர்ப்பக்கத்திலிருந்துதான் அந்த பிளேனும் வந்தது. செக் நாட்டின் ஸ்லின் நகரத்தில் சப்பாத்துத் தொழிற்சாலை நடத்திய பாட்டா கம்பனி, பக்கத்திலுள்ள ஒட்ரோகோவிட்சேயில் 1934இல் விமானம் கட்டவும் தொடங்கியது. அதற்கு இரண்டு வருடத்துக்கு முன்னர்தான் கம்பனியைத் தொடங்கிய தோமஸ் பாட்டா அதே ஊரில் விமானம் விழுந்து இறந்திருந்தார். அந்தப் பரம்பரையில் 1992இல் முதன்முதலாகப் பறந்தது ஸ்லின் 143. நாலு இருக்கை, 235 குதிரைவலு எஞ்சின், உள்ளே மடங்காத மூன்று சில்லு. பறக்கப் பழகுகிறவர்களுக்கும், விடுமுறையில் ஊர் சுற்றுகிறவர்களுக்கும் என்று செய்த சாதுவான பொருள்.

அது விடுதலைப் புலிகளின் கையிலிருந்த வன்னியின் இரணைமடுவுக்கு எப்படி வந்தது? கழற்றி, பாகம் பாகமாகக் கடல்வழி வந்ததென்றுதான் பொதுவாகச் சொல்லப்படுகிறது. விடுதலைப் புலிகளின் வான்பிரிவை உருவாக்கியவராக அறியப்படும் கேணல் சங்கர் (வைத்திலிங்கம் சொர்ணலிங்கம்) கனடாவில் விமானப் பொறியியல் வேலை பார்த்தவர். 2001 செப்டெம்பர் 26ஆம் திகதி வன்னியில் கிளைமோரில் கொல்லப்பட்டார். ஸ்லின் குண்டு சுமந்து பறந்ததைப் பார்க்க அவர் இருக்கவில்லை.

2007 மார்ச் 26 அதிகாலை கட்டுநாயக்கா விமானப்படைத் தளம் வான்புலிகளால் தாக்கப்பட்டது. விமானப்படையினர் மூவர் இறந்தார்கள். அதன் பிறகு வெளியான படங்களில் ஸ்லினின் வயிற்றுக்கடியில் குண்டுகள் தொங்கின. அன்று எல்லாரும் பார்த்தது குண்டை. எனக்கு இன்றைக்கும் கண் போவது அதைத் தாங்கிய கொக்கியில்.

வெறும் பாரம் என்று பார்த்தால் பெரிய சிக்கல் இல்லை. இந்த விமானத்தின் வெற்று நிறை ஏறத்தாழ 830 கிலோ, கிளம்பும்போது இருக்கக்கூடிய உச்ச நிறை 1,350. பின்னிருக்கையில் ஆள் ஏறாவிட்டால் இரண்டு பேரின் பாரத்துக்கு இடம் மிஞ்சும். ஆனால் இருக்கையில் இருக்கிறவரின் பாரம் எந்தக் குழாய் வழியாக எந்தச் சட்டத்துக்குப் போக வேண்டும் என்று ஒட்ரோகோவிட்சேயில் ஒருவர் கணக்குப் போட்டு, உடைத்துப் பார்த்து, கையெழுத்து வைத்திருக்கிறார். வயிற்றில் புதிதாகப் போட்ட துளைக்கு அந்தக் கையெழுத்துச் செல்லாது. ஸ்லினின் நடு உடல் பற்றவைத்த உருக்குக் குழாய்ச் சட்டம். சந்தியில் தொங்கும் பாரம் சட்டம் முழுக்கப் பரவும்; குழாயின் நடுவில் தொங்கினால் குழாய் வளையும். சைக்கிள் கரியரில் நெல்லு மூட்டை கட்டுகிறவனுக்கும் இது தெரியும்.

இன்னொன்று, ஆகாயத்தில் நூறு கிலோ எப்போதும் நூறு கிலோவாக இருப்பதில்லை. இந்த வகை விமானத்துக்கு விதி கேட்பது 3.8 மடங்கு விசையைத் தாங்கும் வலு. சடாரென மேலே இழுத்தால் கொக்கி பிடித்திருக்க வேண்டியது 380 கிலோ. குண்டு விழுந்த கணத்தில் விமானம் துள்ளும். ஒரு பக்கம் விழுந்து மறுபக்கம் சிக்கினால் சரிந்த பாரத்தோடு திரும்பி வந்து இறங்க வேண்டும், அதுவும் இருட்டில். இரணைமடுவிலிருந்து கட்டுநாயக்கா நேர்கோட்டில் சுமார் 240 கிலோமீற்றர், போக மட்டும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல்.

அமெரிக்காவில் வீட்டுக் கராஜில் விமானம் கட்டுவது சட்டம் அனுமதித்த பொழுதுபோக்கு. அங்கேயும் பெரிய மாற்றம் செய்தால் சனம் குறைந்த இடத்துக்கு மேல் மறுபடி சோதனைப் பறப்புச் செய்து பதிந்துவிட்டுத்தான் ஆள் ஏற்றலாம். அப்படியும் தவறுகிறது. பாடகர் ஜோன் டென்வர் 1997இல் கலிபோர்னியாக் கடலில் விழுந்து இறந்தது லோங் ஈஸி என்ற, அப்படிக் கட்டிய விமானத்தில். அதைக் கட்டியவர் எரிபொருள் மாற்றும் பிடியை விமானியின் இடது தோளுக்குப் பின்னால் வைத்திருந்தார். எதுவும் முறியவில்லை. கை எட்டாத இடத்தில் ஒரு பிடி, அவ்வளவுதான்.

பொருளாதாரத் தடைக்காலத்தில் மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டிய ஊர் வன்னி. பெற்றோலைச் சொட்டாக விட்டு ஸ்ரார்ட் பண்ணி, பிறகு எண்ணெய்க்கு மாற்றுவோம். அந்தக் கைத்திறமையில் எனக்குப் பெருமை உண்டு. மோட்டார் சைக்கிள் நின்றுபோனால் உருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். வான்புலிகளின் பறப்பிலோ அப்படி உருட்டிக்கொண்டு போக வழி இல்லை. கீழே இருந்தவர்களுக்கு அதைப்பற்றிச் சொல்லி ஆறுதல் இல்லை. 2007 ஏப்ரல் 24 பலாலியில் அவர்களின் தாக்குதலில் ஆறு படையினர் இறந்தார்கள். அதே மாதக் கடைசியில், உலகக் கிண்ண இறுதி ஆட்டம் நடந்த இரவில், கொழும்பின் எரிபொருள் கிடங்குகள் தாக்கப்பட்டன. இந்தப் பக்கம் இரணைமடு ஓடுபாதையில் விமானப்படைக் குண்டுகள் திரும்பத் திரும்ப விழுந்தன.

2009 ஜனவரியில் ஓடுபாதையை இராணுவம் பிடித்தபோது அங்கே ஒரு விமானமும் இருக்கவில்லை. மிஞ்சிய இரண்டு ஸ்லின்களும் பெப்ரவரி 20 இரவு கொழும்பை நோக்கிக் கிளம்பின. கடைசி மாற்றம் அவற்றில் அப்போது நடந்திருந்தது. வெடிமருந்து உள்ளேயே ஏற்றப்பட்டிருந்தது. திரும்பி வரும் பயணம் இல்லாததால் இறங்கும்போது சில்லுக்கு விழும் அடியையோ, நாளடைவில் குழாய்ச் சந்தி களைப்பதையோ யாரும் கணக்கில் எடுக்க வேண்டியிருக்கவில்லை. நிலத்தைவிட்டு எழும்பினால் போதும். ஒன்று கொழும்பில் உள்நாட்டு இறைவரித் திணைக்களக் கட்டடத்தில் மோதியது. மற்றது கட்டுநாயக்காவுக்குப் பக்கத்தில் சுட்டு வீழ்த்தப்பட்டது. விமானிகள் இருவரோடு கொழும்பில் வேறு இருவரும் இறந்தார்கள், நாற்பது பேருக்கு மேல் காயப்பட்டார்கள். இரணைமடு ஓடுபாதை இன்று இலங்கை விமானப்படையின் தளம்.