ஆஸ்துமா: ஒருவருக்குக் கேட்கும் மருந்து இன்னொருவருக்கு ஏன் கேட்பதில்லை?

'ஆஸ்துமாவுக்குப் புதுசா ஊசி வந்திருக்காமே, போட்டுக்கலாமா?' உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இந்தக் கேள்வி வந்திருக்கலாம். ஒருவருக்கு அந்த ஊசி நன்றாகக் கேட்கிறது, இன்னொருவருக்குக் கேட்பதே இல்லை. காரணம் புரிய முதலில் எலிகளைப் பார்க்க வேண்டும்.

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் 'ஈசினோஃபில்' என்று ஒரு வரி இருக்கும். வெள்ளையணுக்களில் ஒரு வகை அது. (வீட்டில் பெரியவர்கள் 'ஈஸ்னோபிலியா' என்பார்களே, அது இந்த அணு அதிகமாவதுதான்.) ஒவ்வாமை ஆஸ்துமா உள்ள பலரின் மூச்சுக்குழாயில் இவை குவிந்து கிடக்கும். சரி, இவைதான் குற்றவாளியா, இல்லை சும்மா வேடிக்கை பார்க்க வந்த கூட்டமா?

2004 செப்டம்பரில் 'சயின்ஸ்' இதழில் இரண்டு ஆய்வுகள் வெளிவந்தன. இரண்டிலும் ஈசினோஃபிலே உருவாகாதபடி மரபணு மாற்றப்பட்ட சுண்டெலிகள். இரண்டிலும் முட்டை வெள்ளைக்கருவில் உள்ள புரதத்தால் ஒவ்வாமையை வரவழைத்தார்கள். ஒரு குழுவின் எலிகளுக்கு ஆஸ்துமா அறிகுறிகள் வெகுவாக அடங்கின. இன்னொரு குழுவின் எலிகளுக்கோ மூச்சுக்குழாய் வழக்கம்போலவே சுருங்கியது, சளியும் குறையவில்லை. நாள்பட ஏற்படும் தழும்பும் தசைத் தடிப்பும் மட்டும் குறைந்தன.

யார் சொன்னது சரி? ரெண்டு பேருமே! முதல் குழு பயன்படுத்தியது 'சி57பிளாக்/6' வகை எலி, இரண்டாவது குழு 'பால்ப்/சி' வகை. எலியை மாற்றிய விதமும் வேறுதான். ஆனால் 2008-இல் வந்த ஓர் ஆய்வு, இரண்டாவது குழுவின் அதே மரபணு மாற்றத்தை முதல் வகை எலிக்குள் கொண்டுவந்து பார்த்தது. இப்போது அறிகுறிகள் குறைந்தன. அந்த வகை எலியில், டி செல்களை நுரையீரலுக்கு வரவழைக்கவே ஈசினோஃபில் தேவைப்படுகிறது. பால்ப்/சி-யில் அது இல்லாமலே டி செல்கள் வந்துவிடுகின்றன. அணு ஒன்றுதான், அதன் வேலையை முடிவு செய்வது மற்ற மரபணுக்கள்.

மனிதர்களை இப்படி இரண்டு வகையாகப் பிரிக்க முடியாதுதான். ஆனால் மெபோலிசுமாப் ஊசியின் கதை இதற்குப் பக்கத்தில் வருகிறது. ஈசினோஃபிலை வளர்க்கும் ஐஎல்-5 என்ற சமிக்ஞையைத் தடுக்கும் மருந்து இது. ஆஸ்துமாக்காரர்களை வகை பிரிக்காமல் கொடுத்துப் பார்த்த ஆரம்பகாலச் சோதனைகள் ஏமாற்றம் தந்தன. 2009-இல், சளியில் ஈசினோஃபில் அதிகமுள்ளவர்களை மட்டும் தேர்ந்தெடுத்ததும் தீவிரத் தாக்குதல்கள் குறைந்தன. 2015-இல் அமெரிக்கா அனுமதித்ததும் அந்த வகைக் கடும் ஆஸ்துமாவுக்கு மட்டுமே.

இதற்கு ஜீன் டெஸ்ட் எடுக்க ஓட வேண்டாம். இன்ஹேலரைச் சரியாக எடுத்தும் அடிக்கடி மூச்சுத்திணறல் வந்தால், உங்கள் ஈசினோஃபில் எண்ணிக்கை எவ்வளவு என்று நுரையீரல் மருத்துவரிடம் கேளுங்கள். வயிற்றில் புழு இருந்தாலும் அந்த எண் ஏறும், எனவே ரிப்போர்ட்டைப் பார்த்து நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள். அதுவரை இன்ஹேலரை நிறுத்த வேண்டாம்.